பின்னால் தெரியும் நீலம்

"எங்க எடுத்ததுன்னு கேட்டா வாயைத் திறக்க மாட்டேங்கறா. என்ன திமிரு பாரு!"

ராகவன் தன் மனைவி கல்யாணியிடம்தான் சொன்னார். மாமல்லபுரத்தில் நடந்த அந்த வனவிலங்குப் புகைப்படக் கண்காட்சிக்கு வந்திருந்த பாதிப் பேருக்குக் கேட்டது.

யானை, சிறுத்தை எல்லாவற்றையும் ஒரே பார்வையில் தாண்டி வந்த மனிதர், இந்தப் படத்தின் முன்னால் அசையாமல் நின்றுவிட்டார்.

கொட்டுகிற மழை. கிளை நுனியில் ஒரு கூடு. வக்கா என்கிற சிவந்த கண் கொக்கு ஒன்று, இரண்டு சிறகையும் விரித்து, குஞ்சுகள் மேல் சொட்டு விழாமல் தான் மட்டும் நனைந்துகொண்டிருந்தது. பின்னால் மங்கலாக, பளபளவென்று நீலம்.

"தாயின்னா இதுதான் கல்யாணி!" அவருக்கு நிஜமாகவே கண் கலங்கிவிட்டது.

படம் எடுத்த ஜெயப்பிரியா பக்கத்திலேயே நின்றிருந்தாள். மறுபடி அவளிடம் போனார்.

"ஏம்மா, யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். பேத்தியைக் கூட்டிட்டுப் போய் தூர நின்னு பார்த்துட்டு வந்துடறேன். வேடந்தாங்கலா?"

"இல்ல சார்."

"கரிக்கிலியா?"

"வேணாம் சார். சொன்னா உங்களுக்குத்தான் சங்கடம்."

"கேட்டியா பேச்சை!" என்று அவர் மனைவி பக்கம் திரும்பும்போது செல்போன் அடித்தது.

"சார், சடையப்பன் பேசறேன். மெஷினு ரெடியா கீது. நாளிக்குக் காலீல வந்துடவா?"

"வந்துடு. அசோசியேஷன்ல எல்லாரும் சரின்னுட்டாங்க. செகரெட்டரி நான் சொல்றேன், நாளைக்கே முடிச்சிடு. தொல்லை தாங்கல."

ஜெயப்பிரியாவின் முகம் வாடிப்போனது. ராகவன் அதைக் கவனிக்கவில்லை. அதற்குள் படத்துக்கே திரும்பியிருந்தார்.

"மேல இருந்து எடுத்த மாதிரி இருக்கே. திருக்கழுக்குன்றம் மலை ஏறினியா?"

"மலையெல்லாம் ஏறல சார்."

"குஞ்சுங்க இப்பவும் கூட்டுலதான் இருக்கா?"

"இருக்கு சார். ரெண்டு வாரம் போனா பறந்துடும். ஆனா நாளைக்கு அந்த மரத்தை வெட்டப் போறாங்க."

"என்னது!"

படத்தை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்த கல்யாணி, கணவரின் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "என்னங்க, போதும். போலாம் வாங்க."

"சும்மா இருடி! குஞ்சு இருக்கிற மரத்தை வெட்டறானாம். எவன் அவன்? புள்ளகுட்டி இல்லாதவனா? ஏரிக்கரையில தேமேன்னு நிக்கிற மரம் அவனை என்ன பண்ணுச்சு?"

"ஏரிக்கரை இல்ல சார் அது."

"என்னம்மா நீ, இன்னும் மறைக்கிறே? அதான் பின்னாடி நீலமா தண்ணி தெரியுதே!"

ஜெயப்பிரியா சுற்றிலும் ஒரு தரம் பார்த்துவிட்டு, அவருக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்.

"தண்ணி இல்ல சார். செங்கல்பட்டுல உங்க எதிர் மாடியிலதான் நான் குடியிருக்கேன். அது, எச்சம் படக்கூடாதுன்னு நீங்க உங்க கார் மேல போட்டிருக்கிற தார்ப்பாய்."