மதுரை வரை

“நாலு மணி நேரம் ஓடும் மேடம். நம்பி எடுத்துட்டுப் போங்க.”

நம்பி எடுத்துப் போக அவள் வரவில்லை.

“அப்ப நாலு மணி நேரம் இருந்தே பாத்துக்கிடுதேன் தம்பி. ஒரு ஸ்டூல் போடுங்க.”

கடைக்காரன் மைதீன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் ஸ்டூலைப் போட்டான்.

பழைய லேப்டாப்களை வாங்கிச் சரிசெய்து விற்கும் கடை. திருநெல்வேலி ஜங்ஷனுக்கு எதிரே, முதல் மாடி. இருபதாயிரத்துக்குள் மூன்றை எடுத்து வைத்திருந்தான். முதலாவது பெரிய திரை. பார்க்க அழகாகத்தான் இருந்தது. அதைப் பைக்குள் போட்டுத் தோளில் மாட்டிக்கொண்டு, கடைப் படிகளில் இரண்டு தடவை ஏறி இறங்கினாள். வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்தாள். ரயில்வே பாலத்தில் அதைச் சுமக்கப்போவது அவன் இல்லை.

இரண்டாவது, தொட்டாலே சுட்டது.

மூன்றாவது இது. சின்னது. மூடியில் ஒரு கீறல். கீறலைப் பற்றி அவளுக்குக் கவலையில்லை.

சனிக்கிழமை தோறும் மதுரைக்குப் போக வேண்டும். முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்திருக்கிறாள், நாற்பத்தொன்றாவது வயதில். முன்பதிவில்லாத பெட்டியில் சார்ஜ் போடும் இடத்துக்கு எப்போதும் நாலு போன்கள் காத்திருக்கும். ஏறும்போது உள்ள சார்ஜ்தான் மதுரை வரை.

வீட்டில் அவள் உட்கார்ந்தால் போதும், யாருக்காவது தண்ணீர் வேண்டும்.

ரயிலில் தண்ணீர் கேட்க ஆளில்லை. அந்த நாலு மணி நேரத்தில்தான் எழுதியாக வேண்டும். நாளை மறுநாள் சனிக்கிழமை. அன்றைக்கு முதல் இயலைக் கொடுக்காவிட்டால் பதிவு ரத்து. கடிதமே வந்துவிட்டது. அந்த இயல் ஒரு வருடமாக நோட்டில் குறிப்பாகக் கிடக்கிறது.

மணி பத்து பத்து. சனிக்கிழமை வண்டி கிளம்பும் நேரம்.

சார்ஜரைப் பிடுங்கினாள். நூறு சதவீதம். “மதுரை வண்டி கிளம்பியாச்சு தம்பி” என்றாள்.

சும்மா திறந்து வைத்தால் எந்தப் பாட்டரியும் நிற்கும். தட்டினால்தான் தெரியும். பையிலிருந்து நோட்டை எடுத்து மடியில் வைத்தாள். எட்டாம் வகுப்போடு நின்றுபோன பெண் பிள்ளைகளின் பெயர்கள். அவள் வேலை பார்க்கும் பள்ளியின் பதினொரு வருடப் பதிவேடுகளிலிருந்து எழுதியவை. பள்ளிக்கு இந்த வாரம் விடுமுறை.

முதல் வரியைத் தட்டினாள். அழித்தாள். மறுபடி தட்டினாள்.

“எந்த ஊரு வந்திருக்கு மேடம்?”

மணியைப் பார்த்தாள்.

“கடம்பூர்.”

“போளி வாங்கலயா?”

“வாங்கினா கையெல்லாம் நெய்யாயிரும். தட்ட முடியாது.”

கேலி செய்ய வந்தவன் போய் டீ சொன்னான்.

கோவில்பட்டியில் ஐம்பத்தெட்டு சதவீதம். டீ ஆடை படிந்து பக்கத்தில் இருந்தது.

சாத்தூரில், கடைக்கு வந்த இரண்டு பேர் ஒரு பிரிண்டருக்கு விலை பேசிச் சண்டை போட்டார்கள். அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், “சத்தம்!” என்றாள்.

இரண்டு பேரும் அடங்கிப்போனார்கள். மீசை வைத்தவர் கையைக்கூடக் கட்டிக்கொண்டார்.

அதற்குப் பிறகு மைதீன் அவளை மேடம் என்று கூப்பிடவில்லை. உள்ளே வருகிறவர்களிடம் குரலைத் தாழ்த்தி, “மெதுவாப் பேசுங்க. டீச்சர் டிரெயின்ல இருக்காங்க” என்றான்.

மின்விசிறியை அவள் பக்கம் திருப்பி வைத்தான். நோட்டின் தாள்கள் பறந்ததும் பழையபடி திருப்பிக்கொண்டான்.

விருதுநகர் போனது அவளுக்குத் தெரியாது. திருமங்கலமும் தெரியாது.

“டீச்சர், மதுரை வந்துட்டு.”

நிமிர்ந்தாள். மணி இரண்டு பத்து. பாட்டரியில் பதினொரு சதவீதம் மிச்சம் இருந்தது.

ஏழு பக்கம்.

மேலே போய் எண்ணிப் பார்த்தாள். ஏழுதான். இயலில் சரிபாதி. நாலு மணி நேரத்தில் யாரும் எதையும் எடுத்துத் தரச் சொல்லவில்லை, எதுவும் எங்கே இருக்கிறது என்று கேட்கவில்லை. ஆறிய டீயை ஒரே மடக்கில் குடித்தாள்.

போன் அடித்தது. கணவர்.

“எடுத்தாச்சா? எடுத்ததும் வந்துரு. அம்மா மூணு தடவ கேட்டுட்டாங்க.”

அவள் திரையைப் பார்த்தாள். ஏழாவது பக்கம் பாதி வரியில் நின்றிருந்தது.

“இன்னும் எடுக்கலங்க. பாத்துட்டுதான் இருக்கேன். நாளைக்கும் ஒரு தடவ வந்து பாத்தாத்தான் தெரியும்.”

போனைப் பைக்குள் போட்டாள். பணத்தை எடுத்து மேசையில் வைத்தாள்.

“இதையே எடுத்துக்கிடுதேன் தம்பி. பில்லு மட்டும் நாளைக்குப் போடுங்க.”

மைதீன் பணத்தைப் பார்த்தான். ஸ்டூலைப் பார்த்தான். திறந்து வைத்திருந்த பில் புத்தகத்தை மூடினான்.

லேப்டாப்பில் சார்ஜரைச் செருகினான்.

“நாளைக்கும் பத்து பத்து வண்டிதானா, டீச்சர்?”