மூலை வீட்டு மண்வெட்டி

இந்தோனேசியாவின் மலாங் நகரத்தை ஒட்டிய அந்தக் குடியிருப்பில் ஞாயிறு காலை வீட்டுக்கு ஒருவர் சாக்கடை தூர்வார வந்தாக வேண்டும். மூலை வீட்டுக்குக் குடிவந்து இரண்டு மாதமாகியும், நைட் ஷிஃப்ட் என்று முகமே காட்டாதவன், இன்று தெருவில் நின்று வேடிக்கை பார்க்கிறான்! லஸ்மினி மண்வெட்டியை அவன் கையில் திணித்தாள்.

“இன்னிக்காவது வழி தெரிஞ்சுதா தம்பி? இறங்கு!”

“அக்கா, நான் வந்து...”

“வந்துட்டீல்ல, அப்புறம் என்ன கதை? பேன்ட்டை மடிச்சு விடு.”

அவன் சிரித்துக்கொண்டே இறங்கி, ஒன்றரை மணி நேரம் சேறு அள்ளினான். மறுபடி பேச வாயெடுத்தபோது சுடச்சுட ஒரு வாழைப்பழ பஜ்ஜியை வாயில் வைத்து அடைத்தாள். தெருவே சிரித்தது.

“லஸ்மினி, உன் வீட்டை வாங்க சுரபயாக்காரர் வரேன்னாரே?” என்றார் எதிர்வீட்டு தார்ஜோ.

“போன்ல எட்டு மணின்னார். ஒன்பதரை ஆச்சு. வாங்கி வாடகைக்கு விடுவாராம். பட்டணத்து ஆளுக்கு நேரம் காலமே கிடையாது!”

அப்போது மூலை வீட்டுக் கதவு திறந்தது. வாயில் பிரஷ்ஷோடு ஒருவன் எட்டிப் பார்த்தான். “என்னக்கா, வேலை முடிஞ்சுதா?”

லஸ்மினி சாக்கடைக்குள் நின்றவனிடம் திரும்பினாள். “அப்ப நீ... நீங்க?”

“எட்டு மணிக்கே வந்துட்டேன்க்கா. நீங்கதான் பேசவே விடல.”

“ஐயையோ! வீடு வேணாம்னு மட்டும் சொல்லிடாதீங்க சார்!”

“கண்டிப்பா வேணும்க்கா. ஆனா வாடகைக்கு விடப்போறதில்ல, நானே குடிவரேன்.”

சொல்லிவிட்டு மேலே ஏறியவன், மண்வெட்டியை மூலை வீட்டுக்காரனிடம் நீட்டினான்.

“நம்ம தெரு சாக்கடை சார். மிச்சம் உங்களுது!”