நாற்பத்தொரு எண்டர்

"மூணு மணிக்கு லேபர் ஆபீசர் வர்றாரு. அதுக்குள்ள எல்லாரும் 2003ல சேர்ந்தவங்களா மாறியாகணும்" என்றார் முதலாளி சிங்காரவேலு.

அரியலூரில் சிமெண்ட் சாக்கு தைக்கும் கம்பெனி அவருடையது. 2004-ஆம் வருஷத் தொடக்கம். தைக்கிறவர்கள் அறுபத்து நாலு பேர். அதில் நாற்பத்தொரு பேர் 2001-இல் சேர்ந்தவர்கள். இரண்டு வருஷம் முழுசாக உழைத்தவர்களை நிரந்தரமாக்கச் சொல்லித்தான் ஆபீசர் பட்டியல் கேட்டிருந்தார்.

"ரெண்டு செகண்டு வேலை சார்" என்றான் ஜெயசீலன்.

திருச்சியில் ஆறு மாசம் கம்ப்யூட்டர் கோர்ஸ் படித்தவன். மவுஸைத் தொடுவதே கௌரவக் குறைவு என்று நினைப்பவன். கறுப்புத் திரையில் கட்டளை அடித்தால்தான் அவனுக்கு வேலை செய்த மாதிரி இருக்கும்.

"ஒவ்வொருத்தருக்கா மாத்தணுமே தம்பி?" என்றாள் டைப்பிஸ்ட் மலர்கொடி.

"அது உங்க டைப்ரைட்டர் காலம்க்கா. இது ஸ்கிரிப்ட். 'சேர்ந்த ஆண்டு 2001'னு எங்க இருந்தாலும் தேடிப் புடிச்சு 2003 ஆக்கிடும்."

"வெறும் 2001ன்னு தேடுனா போதாதா?"

"போதும். டோக்கன் நம்பர் 2001ம் சேர்ந்து மாறிடும். பரவால்லியா?"

முதலாளி சிரித்தார். மலர்கொடியும் சிரித்து வைத்தாள்.

"அது எப்படித்தான் தம்பி தேடுது?"

"ஒரு வரிய எடுக்கும், பார்க்கும், வச்சிட்டு அடுத்த வரிக்குப் போயிடும். முன்னாடி என்ன இருந்துச்சு, பின்னாடி என்ன வரும்னு அதுக்குக் கவலையே கிடையாது. உங்கள மாதிரி ஊர்க்கதை பேசாது."

"சரி தம்பி. நான் அடிச்ச பட்டியல்தானே, பேருல ஏதும் தப்பு இருக்கான்னு ஒருக்கா பார்த்துடறேன். அதுக்கப்பறம் போடுங்க."

"பாருங்க, பாருங்க. நான் டீ குடிச்சிட்டு வரேன்."

நிதானமாக டீ குடித்துவிட்டு வந்தான். கட்டளையை அடித்தான். திரை ஒரு வார்த்தை பேசவில்லை.

"தப்பு இருந்தாத்தான் சார் அது பேசும்" என்று விளக்கினான்.

அவன் திறந்து பார்க்கவில்லை. கம்ப்யூட்டர் செய்ததை மனுஷன் சரிபார்ப்பதா? பிரிண்ட் எடுத்து நீட்டினான். முதலாளி பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்துப் போட்டு முத்திரை குத்தினார்.

மூணு மணிக்கு வந்த ஆபீசர் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார்.

"கொளஞ்சியம்மாள், 2001. வீரம்மாள், 2001. அங்கமுத்து, 2001..."

முதலாளியின் கையிலிருந்த காபி டம்ளர் பாதி வழியில் நின்றது.

"நாப்பத்தோரு பேரு சார். நிரந்தரம் பண்ணிடுங்க, பத்து நாள்ல ஆர்டர் காப்பி அனுப்புங்க. நேர்மையாக் குடுத்திருக்கீங்க. மத்த எடத்துல வருஷத்தையே மாத்திடறாங்க."

வேப்பெண்ணெய் குடித்த முகத்தோடு முதலாளி சிரித்தார். பட்டியலை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு ஆபீசர் கிளம்பினார்.

"ரெண்டு செகண்டா?" என்றார் முதலாளி, ஜீப் தெரு திரும்பியதும்.

ஜெயசீலன் வியர்வையோடு பட்டியலைத் திறந்தான். காரணம் உடனே கிடைத்தது.

"ஸ்கிரிப்ட்ல தப்பில்ல சார். இந்தக்கா 'சேர்ந்த ஆண்டு'ன்னு அடிச்சிட்டு எண்டரைத் தட்டியிருக்கு. 2001 அடுத்த வரிக்குப் போயிடுச்சு. தாள்ல பார்த்தா, எடம் பத்தாம வரி மடிஞ்ச மாதிரிதான் தெரியும். ஸ்கிரிப்டுக்கு அது ரெண்டு தனி வரி. சேர்த்துப் பார்க்காது."

"ஏம்மா?"

மலர்கொடி தலையைக் குனிந்துகொண்டாள். "டைப்ரைட்டர்ல மணி அடிச்சா அடுத்த வரிக்குத் தள்ளுவோம் மொதலாளி. கை இன்னும் அந்தப் பழக்கத்த விட மாட்டேங்குது."

"நாப்பத்தோரு பேரத் தலையில கட்டிட்டு, கைப்பழக்கமாம்." முதலாளி பல்லைக் கடித்தார். "டேய், இவ அடிச்ச ஃபைல் எல்லாத்தையும் பாரு. இன்னும் எங்கெங்க தட்டி வச்சிருக்காளோ."

ஜெயசீலன் பார்த்தான். மூன்று வருஷக் கடிதங்கள், கொட்டேஷன்கள், சம்பள விவரங்கள். தேவையில்லாத எண்டர் ஒன்றுகூட இல்லை.

மறுபடி பட்டியலுக்கு வந்தான். நிஜமாகவே 2003-இல் சேர்ந்த இருபத்து மூன்று பேரின் வரிகள் முழுசாக இருந்தன. உடைந்திருந்தவை மற்ற நாற்பத்தொன்றும்தான்.

மெதுவாகத் திரும்பிப் பார்த்தான். மலர்கொடி சாப்பாட்டுக் கூடையை எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள்.

"என்னடா முழிக்கிற? தெரியாம செஞ்சாளா, வேணும்னே செஞ்சாளா?"

வேண்டுமென்றே என்று சொன்னால், ஆறு மாசக் கோர்ஸை ஒரு டைப்ரைட்டர்க்காரி டீ குடிக்கும் நேரத்தில் கவிழ்த்த கதை அரியலூர் முழுக்கப் பரவும்.

"பாவம் சார்" என்றான் ஜெயசீலன். "அந்தக்காவுக்குக் கம்ப்யூட்டரப் பத்தி ஒண்ணுமே தெரியாது."