ஒரே வீட்டில் இரண்டு மனு

“கடையில மாட்டியிருக்கிற மனுவுல முதல் கையெழுத்து உங்களுதாமே? நிஜமா?”

டாமரிஸ் கேட்டபோது அவள் கணவர் ஆசகேல், அவித்த பீன்ஸ் கிண்ணத்திலிருந்து தலையை நிமிர்த்தவில்லை.

“நிஜந்தான். மை கொஞ்சம் கொட்டிப் போச்சு. மத்தபடி நல்லாத்தான் விழுந்திருக்கு.”

தப்பி வரும் அடிமைகளைப் பிடித்துக் கொடுக்க மாநில அதிகாரிகள் உதவக் கூடாது என்று மாசசூசெட்ஸில் ஒரு சட்டம் இருந்தது. அமெரிக்காவின் தெற்கு மாநிலங்கள் முறுக்கிக்கொண்டு பிரியத் தொடங்கியதும், அவற்றைச் சமாதானப்படுத்த அதை நீக்கச் சொல்லி பாஸ்டன் சட்டமன்றத்துக்கு ஒரு மனு, நீக்காதே என்று ஒரு மனு என ஊரே இரண்டுபட்டுக் கிடந்தது. நீக்காதே மனுவில், பெண்கள் வரிசையில், முதல் பெயர் டாமரிஸுடையது. பனியில் வீடு வீடாக ஏறி இறங்கிக் கையெழுத்து வாங்குகிறவளும் அவள்தான். ஆசகேல் போட்டதோ நீக்கு மனுவில்.

“போன ஞாயித்துக்கிழமை சர்ச்சுல, அடிமைத்தனம் பாவம்னு ஜெபம் பண்ணினீங்களே! அது வேற வாயா?”

“ஜெபம் ஆண்டவருக்கு. மனு சட்டமன்றத்துக்கு.”

“என்ன பேச்சு இது?”

“அந்த ரொட்டியை இப்படித் தள்ளு.”

அவளுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. இத்தனை வருஷம் குடும்பம் நடத்திய மனுஷன்தானா இவர்?

கோபத்தைவிடப் பயம்தான் பெரிதாக இருந்தது. மாடியில், கம்பளி மூட்டைகள் வைக்கும் அறையில், மேரிலாந்திலிருந்து ஓடி வந்த லெட்டி ஒளிந்திருந்தாள். கனடாவுக்கு வண்டி கிடைக்கும்வரை அங்கேதான். அந்தப் பக்கமே எட்டிப் பார்க்காத ஆசகேலிடம் டாமரிஸ் இதுவரை மூச்சு விடவில்லை. போதாததற்கு, தப்பியவர்களைப் பிடிக்க வந்த இருவர் ஊர் விடுதியில் தங்கி, எந்த வீட்டில் தேடலாம் என்று மோப்பம் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

ஆசகேல் தொழுவத்துக்குப் போனதும் அவள் மாடிக்கு ஓடினாள்.

“லெட்டி, கிளம்பு. இந்த வீடு இனி உனக்கு ஆகாது. என் வீட்டுக்காரரே அந்தப் பக்கம் சாஞ்சிட்டாரு. உன்னைப் பார்த்தா நேரா கொண்டுபோய் ஒப்படைச்சிடுவாரு.”

லெட்டி எழுந்திருக்கவில்லை. புரியாமல் விழித்தாள்.

“யாரு, ஐயாவா? நீங்க மனுவைத் தூக்கிட்டு வெளிய போனதும் தினம் அவருதாம்மா எனக்குச் சூடாப் பால் கொண்டுவந்து தர்றாரு.”

“என்னது!”

“உங்க பேரு அந்த மனுவுல முதல்ல இருக்கே, ஆள் பிடிக்கிறவங்க முதல்ல இங்கதானே வருவாங்க? அதுக்குப் பயந்துதான் இன்னொண்ணுல தன் பேரைப் போட்டாராம். நேத்து வாசல்வரைக்கும் வந்தவங்க, ‘இது நம்ம ஆளு வீடு’ன்னு தொப்பியைத் தூக்கிட்டுப் போயிட்டாங்க.”

சட்டென்று லெட்டி நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

“ஐயோ, நான் சொன்னதா காட்டிக்காதீங்கம்மா. உங்க வாயில ரகசியம் நிக்காதாம். தனக்கு எல்லாம் தெரியும்கிறது உங்களுக்கு மட்டும் தெரியவே கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருக்காரு!”