குப்பியில் வந்த வாசம்

கணவர் அருமைநாயகம் இறந்தபின் இந்த ஆறு மாதமும் செலினைத் தூங்க வைத்தது ஒரு குப்பிதான். அவருடைய தலையணை உறையை வாங்கிப்போன வாசனைத் திரவியக் கம்பெனிக்காரர்கள், அதிலிருந்த வாசத்தை அப்படியே செய்து அனுப்பியிருந்தார்கள். தினமும் அவர் சட்டையில் அதைத் தெளித்து, கட்டிக்கொண்டு படுப்பாள்.

அன்று மாலை நாத்தனார் ஜெசிந்தா பொடியனைக் கொண்டுவந்தாள். அருமைநாயகம் வளர்த்த சுகர் கிளைடர் அது. விலாத்தோலை விரித்துக் காற்றில் சறுக்கும் அணிலளவுப் பிராணி. அவர் சட்டைப்பையில்தான் உறங்கும். நெற்றியை அவர் கழுத்தில் தேய்த்துத் தன் வாசத்தைப் பூசும். அடக்கத்தன்று ஜெசிந்தாதான் எடுத்துப்போனாள். இப்போது அதன் வாலில் பாதி முடி இல்லை.

“ஏங்கி ஏங்கி, தன் முடியத் தானே பிடுங்குது மைனி. அண்ணன் வாசம் கெடச்சா தேறிரும்.”

“அவிய வாசம் இங்கனதான இருக்கு” என்று செலின் சட்டையில் தாராளமாகத் தெளித்து, அதன் பைக்குள் பொடியனை விட்டாள்.

அது மோந்து பார்த்தது. கரகரவென்று சீறிக்கொண்டு வெளியே வந்து, திரைச்சீலையில் ஏறி, அங்கிருந்து அலமாரி உச்சிக்குப் பாய்ந்தது. அங்கே அவருடைய பழைய ஹெல்மெட் தூசி படிந்து கிடந்தது. அதற்குள் நுழைந்து, நெற்றியை அழுத்தித் தேய்த்து, சுருண்டு படுத்துவிட்டது.

“அண்ணனக் கண்டுபிடிச்சிட்டு மைனி!” ஜெசிந்தா அழுதேவிட்டாள்.

செலின் நாற்காலி போட்டு ஏறி, பொடியனை ஒருபக்கம் ஒதுக்கி, ஹெல்மெட்டுக்குள் முகம் புதைத்து மூச்சை இழுத்தாள். பழைய வியர்வையும் தேங்காயெண்ணெயும் கலந்து வந்தது. மறுபடியும் இழுத்தாள்.

முன்பின் தெரியாத யாரோ ஓர் ஆணின் வாசமாக இருந்தது.