வீரமலைக்குப் பிணை

கசிப்பு என்ற கள்ளச்சாராயம் காய்ச்சிப் பிடிபட்ட வீரமலையைப் பிணையில் எடுக்கத் தண்ணீர்ப் பரிசோதனை அதிகாரி தில்லைநாதன் பதுளை நீதிமன்றத்துக்கு வந்ததை ஒருவரும் நம்பவில்லை. வீரமலையும் நம்பவில்லை. தில்லைநாதன் சோடாகூடக் குடிக்காத மனிதர்.

வெளியே வந்ததும் வீரமலை கையெடுத்துக் கும்பிட்டார்.

“சத்தியமா இனிமே காய்ச்ச மாட்டேங்க, ஐயா.”

“அப்பிடிச் சொல்லப்படாது. நீங்கள் திரும்பக் காய்ச்ச வேணும்.”

வீரமலை சுற்றுமுற்றும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். “ஐயாவுக்கு எத்தனை போத்தல் வேணுங்க?”

“எனக்கு ஒண்டும் வேண்டாம். பொலிஸ் உங்கட கோடாவை எங்க ஊத்தினவை?”

“காய்ச்சுன எடத்துலயே, கோயில் கெணத்து மேட்டுலங்க. சீனி போட்டுப் புளிக்க வெச்சதெல்லாம் போச்சு. எப்ப புடிச்சாலும் அங்கதான் கொட்டுறாங்க.”

“தேயிலை ஃபெக்டரியில மெஷின் கழுவின மருந்து உங்கட தோட்டத்துக் கிணறு எல்லாத்திலயும் ஊறிக் கிடந்தது. குடிச்சா ஈரல் பழுதாகும்.”

“நம்ம சரக்கக் குடிச்சாலும் அதாங்க ஆகும்.”

தில்லைநாதன் சிரிக்கவில்லை. “அந்த மருந்தைச் சிதைக்கிற பக்டீரியா மண்ணுக்குள்ள இருக்கு. அதுக்கு இனிப்பாத் தீனி போட வேணும். சீனிப்பாகு கேட்டுக் கொழும்புக்கு எழுதி எழுதிக் களைச்சுப் போனன். இப்ப கோயில் கிணறு மட்டும் சுத்தம்.”

வீரமலைக்குப் பாதி புரிந்தது.

“அப்ப இனி எங்கங்க காய்ச்சணும்?”

“பள்ளிக்கூடக் கிணத்து மேட்டில.”

“பொலிஸ் வந்துருமேங்க!”

“வரத்தான் வேணும். நானே சொல்லிவிடுறன்.”