ஹெந்தளைக் கருப்பட்டி

மகனுக்குப் பெண் பார்க்கக் கொழும்பு வெள்ளவத்தை ஒழுங்கைக்குள் திரும்பும்போதே பாலேஸ்வரி கணவன் நமசிவாயத்தை எச்சரித்தாள்.

“பொம்பிளை வீட்டில ஊர்க்கதை ஒண்டும் கதைக்காதேங்கோ. சண்டையில பாதை பூட்டிக் கிடக்குது. ஆர் யாழ்ப்பாணம் போய் எங்களை விசாரிக்கப் போகினம்?”

நமசிவாயம் நல்ல பிள்ளையாகத் தலையாட்டினார்.

பெண்ணின் தகப்பன் கதிரேசு தேநீரோடு தட்டை நீட்டினார். “இஞ்ச பக்கத்தில ஹெந்தளையில காய்ச்சின தென்னங் கருப்பட்டி. சாப்பிட்டுப் பாருங்கோ.”

நமசிவாயம் ஒரு துண்டைக் கடித்தார். முகம் சுருங்கியது. மனைவி சொன்னது மறந்துபோனது.

“மரத்தில கட்டிற முட்டிக்குச் சுண்ணாம்பை அளவுக்குக் கூடப் பூசிப்போட்டாங்கள். பதநீர் புளிக்காமலிருக்க ஒரு மெல்லிய பூச்சுக் காணும்.”

பாலேஸ்வரி அவர் காலை மிதித்தாள்.

கதிரேசு கோப்பையைக் கீழே வைத்தார். “உங்களுக்கு உது எப்பிடித் தெரியும்?”

இனி மறைத்துப் பயனில்லை. “என்ரை அப்பு கள்ளுக்கும் பதநீருக்கும் மரம் சீவினவர். அவற்றை முட்டியளுக்குச் சுண்ணாம்பு பூசினது நான்.”

பாலேஸ்வரி கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். இந்தச் சம்பந்தமும் போயிற்று.

“இருங்கோ, சம்பந்தி,” என்றார் கதிரேசு. “சுண்ணாம்பைக் கூடப் பூசச் சொன்னதே நான்தான். நீங்களும் எங்களைப் போல சீவல் குடும்பமோ எண்டு வாய்விட்டுக் கேக்கேலுமே? முதல் வந்த மாப்பிள்ளை வீட்டாக்கள் எல்லாரும் நல்ல ருசி எண்டு சாப்பிட்டிட்டுப் போட்டினம்.”

பிறகு உள்ளறைப் பக்கம் திரும்பினார்.

“பிள்ளை, இனி அந்த நல்ல கருப்பட்டியைக் கொண்டு வா.”